உச்சிக்குப் பத்து முழம்
(பங்கின் யூபிலி விழாவில் இளைஞர் மன்றத்தின் சார்பில் ஆற்றிய உரை)

 

யூபிலி ஆண்டில் இளைஞர்கள் என்ன செய்தீர்கள் என்று பலர் கேட்டீர்கள். ஒரு மலையில் ஏறினோம். உச்சியைத் தொடாமல் இறங்கினோம். அதைத்தான் சொல்ல வந்தோம்.

செங்கற்பட்டில் கொளவாய் ஏரியை அடுத்த குன்றுகளை நீங்கள் அறிவீர்கள். விடியுமுன் 11 பேர் புறப்பட்டோம். அங்கே படிக்கட்டு கிடையாது. முகடு நெடுகக் கருங்கற் பாறைகள், இடையிடையே முட்புதர்கள். இரு கை, இரு கால் ஆகிய நான்கில் மூன்று பாறையில் உறுதியாக இருக்க, ஒன்றை மட்டுமே நகர்த்த வேண்டும் என்று அங்கே கற்றோம். முகட்டிலிருந்து தென்கிழக்கே திருக்கழுக்குன்றமும், கிழக்கே வெகு தொலைவில் கடலும் மங்கலாகத் தெரிந்தன.

உச்சிப் பாறைக்குப் பத்து முழம் இருக்கையில், எங்களில் இளைய தம்பி ஒரு பிளவில் நின்றுவிட்டான். மேலே வரவும் முடியவில்லை, கீழே போகவும் முடியவில்லை, கால்கள் நடுங்கின. மணி பத்து, பாறை சுடத் தொடங்கியது, தண்ணீரும் குறைந்துவிட்டது. "அவன் இங்கேயே இருக்கட்டும், நாம் தொட்டுவிட்டு வருவோம்" என்றார் ஒருவர். உண்மையைச் சொன்னால், எங்களில் பாதிப் பேருக்கு அந்த ஆசை இருந்தது.

மூத்த அண்ணன் ஒருவர் ஒன்றும் பேசாமல் தம்பிக்குக் கீழே இறங்கி, அவன் காலைத் தம் கையால் எடுத்து ஒவ்வொரு பிடிப்பிலும் வைத்தார். வெட்கத்தோடு நாங்களும் திரும்பினோம்.

பிறகுதான் ஒரு வரலாற்றைப் படித்தோம். 1889 ஜூலையில், அக்கில்லே ராத்தி என்னும் 32 வயது குருவானவர், ஆல்ப்ஸ் மலையில் 4,634 மீட்டர் உயர மோந்தே ரோசாவின் கிழக்குச் சுவரில் ஏறினார். உச்சியை நெருங்கியபோது இருட்டிவிட்டது. உடனிருந்த மூவரோடு குறுகிய பாறைத் திட்டில், கடுங்குளிரில், உறங்காமல் இரவைக் கழித்தார். இருளில் ஓரடியும் எடுத்து வைக்கவில்லை. அவரே 1922இல் திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் ஆனார். மலையேற்றம் முரட்டுத் துணிச்சலன்று, விவேகமே என்பது அவர் கண்ட பாடம்.

திருக்கழுக்குன்றத்து ஒருகல் மண்டபத்தில், 17ஆம் நூற்றாண்டில் வந்துபோன டச்சுக்காரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. எங்கள் பெயர் எந்தப் பாறையிலும் இல்லை. ஆனால் 11 பேராய்ப் போனோம். 11 பேராய் வீடு திரும்பினோம். பங்கும் அப்படி ஒரு பயணந்தானே?

மழைக்காலம் கழிந்ததும் மீண்டும் ஏறுவோம். இம்முறை தம்பி முன்னே செல்வான். அவன் நடையே எங்கள் நடை.