கடையிலே கடுஞ்சொல்: முறையிடுவதா, பொறுப்பதா?

(சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



காரியதரிசி அவர்கள் என்னிடம் வந்து, "இம்முறை நீங்களும் பேசவேண்டும்" என்று கேட்டபோது, பெரிய விஷயங்களைப் பேசுவதற்குப் பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள், நான் ஒரு சின்ன விஷயத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். அந்தச் சின்ன விஷயம் இதுதான். கடைக்குச் சாமான் வாங்கப் போகிறோம். அங்கே நிற்கும் சிப்பந்தி எங்களை மரியாதையின்றி நடத்துகிறார். அதை முதலாளியிடம் சொல்லவேண்டுமா, அல்லது பொறுத்துக்கொண்டு வரவேண்டுமா? சிரிக்கிறீர்கள். ஆனால் இந்த மண்டபத்தில் இருப்பவர்களுள், கடையிலே ஒருமுறையேனும் முகஞ்சுருங்கி வீடு திரும்பாதவர் எவரேனும் உண்டோ? அந்தக் கோபத்தை அன்று முழுவதும் வீட்டுக்காரர்மேல் காட்டியவர்களும் இங்கே இருக்கலாம். நான் பெயர் சொல்ல மாட்டேன்.

இந்த விஷயத்தில் நான் செய்த இரண்டு காரியங்களைச் சொல்லுகிறேன். இரண்டும் எனக்குப் பெருமை தருவன அல்ல.

சில வருஷங்களுக்கு முன், தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கையில், நகரத்திலுள்ள ஒரு புடைவைக்கடைக்குப் போனேன். தங்கையின் மகனுக்கு ஒரு சேட்டு வாங்கவேண்டும். கடையிலே கால் வைக்க இடமில்லை. இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பிள்ளை சேட்டுகளை எடுத்துப் போட்டுக்கொண்டு நின்றாள். நாலைந்தை விரிக்கச் செய்து பார்த்தேன், நிறம் பிடிக்கவில்லை. பின்னும் நாலைந்து. அவையும் பிடிக்கவில்லை. "வேறை இருக்கோ?" என்று கேட்டேன். அவள் கையிலிருந்த கட்டை மேசையிலே தொப்பென்று போட்டாள். "எடுக்கிறதெண்டால் எடுங்கோ, இல்லாட்டி ஆக்களுக்கு வழியை விடுங்கோ" என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்தவன் நான். என்னை எவரும் அப்படிச் சொன்னதில்லை. நேரே காசுமேசைக்குப் போய், எல்லார்க்கும் கேட்கும்படி முதலாளியிடம் முறையிட்டேன். அவர் எழுந்து, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா" என்று கைகூப்பினார். நான் எடுத்திருந்த மற்றச் சாமான்களின் விலையிலே பத்து வீதம் கழித்தும் தந்தார். போருக்குப் போய் வென்றவனைப்போல வீடு வந்து சேர்ந்தேன். வீட்டிலே அந்தக் கதையை மூன்று தரம் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

தைப்பொங்கல் கழிந்தபின் மறுபடியும் அந்தக் கடைக்குப் போக நேர்ந்தது. அந்தப் பிள்ளையைக் காணவில்லை. அங்கே நெடுநாளாய் வேலை செய்யும் ஓர் அம்மாவிடம் விசாரித்தேன். "அண்டைக்கு இரவே கணக்கு முடிச்சு அனுப்பிப்போட்டினம் ஐயா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "விடியத்தொட்டு நிண்ட நிலை. தாயும் ஆஸ்பத்திரியிலை. அதுதான் பிள்ளை அப்பிடிச் சொல்லிப்போட்டுது" என்றார். முறையிட்டவன் நான்தான் என்பது அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, எனக்குக் கேட்கத் துணிவு வரவில்லை. முதலாளியிடம் போய், அவளை மறுபடி எடுக்கலாமே என்றேன். "போன ஆளைப் பற்றி ஏன் ஐயா" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

அவள் சொன்னது சரி என்று நான் இப்போதும் சொல்லவில்லை. ஆனால் நான் பெற்ற பத்து வீதத்துக்கும் அவள் இழந்த வேலைக்கும் உள்ள தூரம் என்னவென்று பாருங்கள். பண்டிகைக்கு முன் வேலை போவது என்றால் என்னவென்று இங்கே பலருக்குத் தெரியும்.

அதன்பின்னரே இந்தக் கடைவேலையைப் பற்றிச் சிறிது விசாரிக்கத் தொடங்கினேன். எங்கள் நாட்டிலே கடை, காரியாலய ஊழியருக்கென ஒரு சட்டம் 1954ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அவ்வாண்டின் 19ஆம் இலக்கச் சட்டம். நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்பது அதன் பொது அளவு. மேலதிக வேலை கிழமைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேற்படக்கூடாது. கிழமைக்கு ஒன்றரை நாள் ஓய்வும் உண்டு. சட்டம் நல்ல சட்டம். பண்டிகைக் காலத்திலே கடைவீதியில் விளக்கு ஏற்றும் நேரத்தையும் அணைக்கும் நேரத்தையும் ஒருமுறை எண்ணிப் பார்த்து, இந்த அளவோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். நிற்கும் கஷ்டம் வேறு. கேரளத்திலே 2018இலும் தமிழ்நாட்டிலே 2021இலும் சட்டத்தைத் திருத்தி, கடையில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை கொடுக்கவேண்டும் என்று விதித்தார்கள். ஒரு முக்காலிக்குச் சட்டம் வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் எத்தனை கால்கள் எத்தனை வருஷம் நின்றிருக்கும்! காலையில் நின்றவர் மாலையிலும் நின்றுகொண்டு இன்முகம் காட்டவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். நாங்களோ வந்து ஐந்து நிமிஷம் நின்றதும் விசிறியைத் தேடுகிறோம்.

இனி இரண்டாவது காரியம். இது அதற்குப் பிந்தியது.

தண்ணீர் இறைக்கும் மெசின் விற்கும் கடையொன்றிலே எனக்கு முன் ஒரு வயோதிபர் நின்றார். சாரம் உடுத்து, தோளிலே துவாய் போட்டிருந்தார். காலிலே தோட்டத்து மண். மேசைக்கு அப்பால் நின்றவன் அவருடைய பேரனாக இருக்கத்தக்க வயதினன். அவர் ஒரு மெசினைக் காட்டி விலை கேட்டார். "அதெல்லாம் உன்ரை காசுக்குச் சரிவராது, அங்காலை தள்ளி நில்" என்றான். அதே மூச்சிலே என்னைப் பார்த்து, "வாங்கோ சேர், இருங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டான். நான் வாங்கப் போனது குழாய்க்குப் போடும் ஒரு றப்பர் வளையம். அதை வாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் வந்துவிட்டேன். கதிரையில் இருந்ததையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும்.

எனக்கு ஒரு சொல் பட்டபோது கடை முழுவதும் கேட்கப் பேசிய வாய், அந்தக் கிழவருக்குப் பட்டபோது திறக்கவில்லை. சகோதரர்களே, இதுதான் என்னை உறுத்துகிறது.

யாழ்ப்பாணத் தமிழிலே முன்னிலைக்கு மூன்று படிகள் உண்டு: நீ, நீர், நீங்கள். வா, வாரும், வாங்கோ. அன்புக்கும் நெருக்கத்துக்கும் "நீ" என்பது வேறு. தாயை "நீ" என்று அழைக்கும் வீடுகள் பல. ஆனால் கடையிலே அந்த மூன்று படிகளும் தராசாகிவிடுகின்றன. வருபவருடைய உடை, வாகனம், படிப்பு, பிறப்பு எல்லாம் அந்த ஒரு சொல்லிலே நிறுக்கப்படுகின்றன. இதைச் சிப்பந்திகள் தாமாகக் கற்றுக்கொண்டார்கள் என்று நினைக்கவேண்டாம். காசுமேசையில் இருப்பவர் யாருக்கு எழும்புகிறார், யாருக்கு எழும்பவில்லை என்பதை அந்தப் பையன்கள் நாள்முழுதும் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். வாங்கப் போகும் நாங்களும் சளைத்தவர்களல்லர். "டேய் தம்பி, அதை எடு" என்று நாங்கள் தொடங்கினால், "இந்தாருங்கோ ஐயா" என்று அவன் முடிக்கவேண்டும். வள்ளுவர் இனியவைகூறல் என்று ஓர் அதிகாரம் வகுத்தது கடைச் சிப்பந்திகளுக்கு மட்டுமா?

"பொறுத்துப் போவதே பெருந்தன்மை, கடையிலே எதற்கு வம்பு" என்று எங்கள் பெரியவர்கள் சொல்லுவார்கள். பெரியவர்களை மதித்தே ஒரு பழைய கதையை நினைவூட்டுகிறேன். இந்த ஊர்ப்பக்கங்களிலே தேநீர்க் கடைக்குள்ளே வரவிடாமல், வெளியிலே நிலத்தில் இருத்தி, போத்தலிலும் தகரப்பேணியிலும் சிரட்டையிலும் தேநீர் ஊற்றிக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. குடித்தவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுத்தார்கள். அந்தப் பொறுமையால் ஒரு கடையும் திருந்தியதாக எனக்குத் தெரியவில்லை. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்து, பிறப்பைக் காட்டி இத்தகைய இடங்களிலே தடுப்பது குற்றமாயிற்று. அப்படியிருந்தும் கதவு திறக்கவில்லை. 1960களின் பிற்பகுதியிலே மக்கள் திரண்டு தேநீர்க் கடைகளுக்குள் போய் அமர்ந்து, அடிபட்டு, வழக்குப் பேசிய பின்னரே எங்களுக்குக் கொடுக்கும் கிளாசிலே அவர்களுக்கும் தேநீர் கிடைத்தது. கடையிலே மரியாதை கேட்பது சின்ன விஷயம் என்று தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா? அந்தச் சொல்லை இப்போது திருப்பி எடுத்துக்கொள்ளுகிறேன்.

இன்னும் சிலர், "பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போனால் போயிற்று" என்பார்கள். கையிலே காசு உள்ளவனுக்கு அது சரி. கிராமத்திலே ஒரே கடை. அந்தக் கடையிலே கொப்பியில் எழுதிக் கடனுக்கு வாங்கும் குடும்பம் எந்தக் கடைக்குப் போவது? கொப்பியிலே பாக்கி இருக்கும்வரை வாயும் அடைபட்டே இருக்கும். கூப்பன் காலத்தை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். சங்கக்கடையிலே அரிசிக்கு வரிசையில் நின்ற நாட்களில், சாமான் கொடுப்பவர் சொன்னதே வேதம். 2022இல் பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் தெருத்தெருவாகக் கிடந்தபோது, அந்த அனுபவம் இளைஞர்களுக்கும் கிடைத்தது. சாமான் தட்டுப்படும் இடத்திலே மரியாதையும் தட்டுப்படும். ஆதலால் முறையிடக்கூடியவர், முறையிட முடியாதவருக்காகவும் வாய் திறக்கவேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

எப்படித் திறப்பது என்பதிலேதான் நான் பிழைவிட்டேன். அந்தப் பிள்ளை கட்டைப் போட்டபோது, "தங்கச்சி, களைச்சுப்போனியள் போல. ஆனால் அப்பிடிச் சொல்லாதேங்கோ" என்று அவளிடமே மெல்லச் சொல்லியிருக்கலாம். பத்தில் எட்டு அத்தோடு முடிந்துவிடும். முதலாளிக்குச் சொல்லவேண்டிய காரியமானால், கூட்டத்தின் நடுவே சொல்லக்கூடாது; கூட்டத்தின் நடுவே அவமானப்பட்ட முதலாளி, அதைத் தனக்குக் கீழே உள்ளவர்மேல் இறக்குவார். தனியே சொல்லுங்கள், அல்லது ஒரு கடிதம் எழுதுங்கள். நாள், நேரம், சொன்ன சொல் இவற்றை உள்ளபடி எழுதி, "ஆளை நிறுத்தும்படி நான் கேட்கவில்லை, இப்படி நடவாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற ஒரு வரியையும் கட்டாயம் சேருங்கள். அந்த ஒரு வரியை நான் சொல்லாமல் விட்டேன். கழிவு தந்தால் வாங்காதீர்கள். வாங்கினால் உங்கள் மானத்துக்கு விலை பேசி முடித்ததாகிவிடும்.

களவையும் கடுஞ்சொல்லையும் ஒன்றாகக் கலக்கவும் வேண்டாம். குறித்த விலைக்கு மேலே கேட்பது, பற்றுச்சீட்டுக் கேட்டால் கொடுக்க மறுப்பது, உள்ளே சாமானை வைத்துக்கொண்டு இல்லையென்பது இவையெல்லாம் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருவன. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்து முறையிடலாம். அதற்குத் தயங்கவேண்டியதில்லை, எத்தனை இன்முகம் காட்டி ஏமாற்றினாலும் ஏமாற்று ஏமாற்றுத்தான். முகச்சுளிப்புக்கு அந்தச் சட்டத்திலே இடமில்லை. இருக்கவும் வேண்டாம்.

இளைஞர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். கைத்தொலைபேசியை எடுத்து, கோபமாய் நிற்கும் ஒரு பிள்ளையின் முகத்தைப் படம்பிடித்து, முகநூலிலே போட்டுவிடும் வழக்கம் இப்போது வந்திருக்கிறது. நான் ஒரு கடைக்குள்ளே செய்த தீங்கை நீங்கள் ஊர் முழுவதும், கடல் கடந்தும் செய்துவிடுகிறீர்கள். அவள் நாளைக்கு வேறு கடையிலே வேலை கேட்டுப் போனாலும் அந்தப் படம் அவளுக்கு முன் போய் நிற்கும். தயவுசெய்து அது வேண்டாம்.

இந்தச் சபையிலே கடைகளில் வேலை செய்யும் அங்கத்தவர்களும் இருக்கிறீர்கள். நான் பேசியதிலே உங்கள் பக்கம் குறைவாக வந்திருக்கலாம். மேசைக்கு இப்பால் மட்டுமே நின்று பழகியவன் நான். அடுத்த கூட்டத்திலே உங்களுள் ஒருவர் எழுந்து, வாங்க வருபவர்களைப் பற்றி ஒரு பேச்சுப் பேசவேண்டும் என்று காரியதரிசி அவர்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன். எங்களுக்கு அது நன்றாக வேண்டும்.

தலைவர் அவர்கள் மணிக்கூட்டைப் பார்க்கிறார்கள். ஒன்றே ஒன்று. அந்தப் பிள்ளையை நான் இன்னும் காணவில்லை. எந்தக் கடையென்று இங்கே சொல்லமாட்டேன். தீபாவளிக்கு மூன்று நாளின் முன் புடைவைக்கடையிலே வேலை இழந்த ஒரு பிள்ளையை உங்களுள் எவரேனும் அறிந்திருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து சொல்லுங்கள். நான் வாசலடியில் நிற்பேன்.