ஒன்பதுல ஏழு இடம்

இன்னிக்கு பேஸ்பால். பயப்படாதீங்க, ரூல்ஸ் பாடம் எடுக்கப் போறதில்ல. பென் ஸோப்ரிஸ்ட்னு ஒரே ஒரு ஆளைப் பத்தித்தான்.

அமெரிக்காவுல இல்லினாய் மாநிலத்துல யுரீகான்னு ஒரு சின்ன ஊர். ஸ்கூல் முடிச்சப்ப எந்தக் காலேஜ் டீமும் அவரைக் கூப்பிடல. பிறந்தநாள் காசுல 50 டாலர் கட்டி ஒரு டிரையலுக்குப் போனார். அதுலதான் ஒலிவெட் நாசரின் பல்கலைக்கழகத்துல இடம் கிடைச்சது. கடைசி வருஷம் டல்லாஸ் பாப்டிஸ்ட். 2004 டிராஃப்ட்ல ஆஸ்ட்ரோஸ் ஆறாவது ரவுண்டுல எடுத்தப்ப வயசு 23. பல பேரை 18லயே எடுத்துடுற ஆட்டம் இது.

2006ல டாம்பா பே அணிக்கு ஷார்ட்ஸ்டாப்பா வந்தார், அந்த இடம் நிலைக்கல. எல்லா வேலையும் செய்யறவனுக்கு அப்ரைசல்ல என்ன கிடைக்கும்னு நமக்குத் தெரியாதா? அங்கயும் ‘யூட்டிலிட்டி’ன்னா பெரும்பாலும் பெஞ்சுல உட்கார்ற ஆள்தான். ஆனா 2009ல பிட்சர், கேட்சர் தவிர மீதி ஏழு இடத்துலயும் இவர் நின்னார். கிட்டத்தட்ட தினமும் ஆட்டம், இடம் மட்டும் மாறும். 27 ஹோம் ரன், ஆல் ஸ்டார் அணியில பேரு.

2016 உலகத் தொடர், ஏழாவது ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸ். இவர் அடிச்ச டபுள்லதான் கப்ஸ் முன்னாடி போச்சு. 108 வருஷத்துக்கு அப்புறம் கோப்பை. தொடரோட சிறந்த வீரரும் இவர்தான்.

அன்னிக்கு அவர் நின்னது லெஃப்ட் ஃபீல்டுல.