நாய் வாலின் தத்துவம்



இன்றைய கூட்டத்தில் நாம் நாய் வாலைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று நோட்டீசு போட்டதைப் பார்த்துவிட்டுச் சிலர் சிரித்ததாகக் கேள்விப்பட்டோம். தாராளமாய்ச் சிரிக்கட்டும். அணிலின் முதுகில் மூன்று கோடு எப்படி வந்தது என்று ஒருவர் விடிய விடியக் காலட்சேபம் செய்தால், தேங்காய் பழத்தோடு போய் உட்கார்ந்து கேட்டுக் கண்ணீர் விடுகிறவர்கள்தான் அவர்கள். முதுகில் உள்ள கோட்டுக்குக் கதை கேட்கலாம், பின்னால் உள்ள வாலுக்குக் காரணம் கேட்கக் கூடாது என்பது எந்தச் சாஸ்திரத்திலும் இல்லையாதலால் நாம் கேட்கத் துணிந்தோம்.

அன்றியும், நம் நாட்டில் நாய் வால் சாதாரண வாலல்ல. அது ஒரு பெரிய வாதம். “நாய் வாலை நிமிர்த்த முடியுமா?” என்ற ஒரே வாக்கியத்தால் எத்தனை பேருடைய வாயை அடைத்திருக்கிறார்கள் என்பதைக் கணக்குப் பார்த்தால் தெரியும். செருப்புத் தைக்கிறவன் மகன் பள்ளிக்கூடத்திற்குப் போனால் “நாய் வாலை நிமிர்த்த முடியுமா?” என்றார்கள். பண்ணையாள் கூலி கூடக் கேட்டால் அதே நாய் வால். பெண் சொத்துக் கேட்டால் அதே நாய் வால். அதாவது, பிறவியில் வந்த குணம் மாறாது, மாற்ற முயலுகிறவன் முட்டாள் என்பதற்கு இந்த நாட்டார் கண்டுபிடித்த பிரத்தியட்சப் பிரமாணம் நாயின் பின்புறத்தில் இருக்கிறது. ஆகவே அந்தப் பிரமாணத்தைச் சற்றுத் தூக்கிப் பார்ப்பது நம்முடைய கடமையாகிறது.

முதலாவது, நாய் வால் ஏன் சுருண்டிருக்கிறது? நாய்க்கு மூதாதை ஓநாய் இனம். காட்டில் இருக்கிற ஓநாயை எங்கே பார்த்தாலும் அதன் வால் சுருண்டிருக்காது; நேராகத் தொங்கும், அல்லது நேராகத் தூக்கும். அந்த இனத்தை மனிதன் பல ஆயிரம் வருஷங்களாகப் பழக்கி, தனக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததைத் தள்ளி வளர்த்த பிறகுதான் சுருட்டை வால் வந்தது. எல்லா நாய்க்கும் வரவுமில்லை. வேட்டைக்கு வளர்க்கும் சிப்பிப்பாறை நாயின் வாலையும் டீக்கடை வாசலில் படுத்திருக்கும் நாயின் வாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ருஷியாவில் நோவசிபிர்ஸ்க் என்ற ஊரில் பெல்யாயெவ் என்ற விஞ்ஞானி 1959-ம் வருஷத்தில் வெள்ளி நரிகளை வைத்து ஒரு சோதனை தொடங்கினார். மனிதனைக் கண்டு கடிக்க வராத, மிரளாத நரிகளை மட்டும் பொறுக்கி, அவைகளையே இனம் பெருக்கினார். வேறொன்றும் செய்யவில்லை. சில தலைமுறைகளிலேயே குட்டிகள் மனிதனைக் கண்டால் நாய் மாதிரி வாலை ஆட்ட ஆரம்பித்தன. பிறகு சிலவற்றுக்குக் காது மடங்கிற்று; சிலவற்றுக்கு வால் சுருண்டது. அந்த நரிகளின் முன்னோர் கானடா தேசத்துப் பண்ணைகளிலேயே ஓரளவு பழகினவை, ஆகையால் எல்லா மாறுதலையும் இந்தச் சோதனைக் கணக்கில் எழுதக்கூடாது என்று 2019-ல் வேறு விஞ்ஞானிகள் ஆட்சேபித்திருக்கிறார்கள். அப்படி ஆட்சேபித்ததற்காக அவர்களை யாரும் நாஸ்திகர் என்று சொல்லவில்லை. நரகத்திற்கும் அனுப்பவில்லை.

ஆகவே தோழர்களே, நிமிர்த்த முடியாது என்று காட்டுகிறார்களே அந்தச் சுருட்டு, அதுவே நேராயிருந்த வால் மாறி உண்டானதுதான். மாறாது என்பதற்கு எதைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்களோ, அது கூண்டில் ஏறி “நானே மாறி வந்தவன்தான்” என்று சொல்லுகிறது. இனி அவர்கள் வேறு சாட்சி தேடிக்கொள்ள வேண்டியதுதான். மேலும் நாயின் உடலை மாற்றப் பல தலைமுறை வேண்டும். மனிதன் எழுத்துக் கற்றுக்கொள்ள ஒரு தலைமுறைகூட வேண்டாம், ஒரு வருஷம் போதும். மூங்கில் குழாயில் வாலைச் செருகி வைத்துப் பார்க்கிறவனுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

நிற்க. நம் வைதீகத் தோழர்கள் நாய் வாலை எவ்வளவு உயர்வாக வைத்திருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐதரேய பிராமணம் என்பது வேதத்தைச் சேர்ந்த நூல். அதில் அரிச்சந்திரன் கதை வருகிறது. நாடகக் கொட்டகையில் பொய்யே பேசாமல் சுடுகாடு காக்கிற அரிச்சந்திரன் வேறு. இவன், எனக்குப் பிள்ளை பிறந்தால் அந்தப் பிள்ளையையே உனக்குப் பலி கொடுக்கிறேன் என்று வருணனிடம் பொருத்தம் பேசிப் பிள்ளையைப் பெற்றுக்கொண்டு, பல் முளைக்கட்டும், பல் விழட்டும், மறுபடி முளைக்கட்டும் என்று தவணை சொன்ன அரிச்சந்திரன். பிள்ளை பெரியவனாகிக் காட்டுக்கு ஓடிவிட்டான். அங்கே அஜீகர்த்தன் என்ற ஒரு ரிஷி பட்டினியாய்க் கிடந்தார். அவருக்கு மூன்று பிள்ளைகள். பெயர்கள் என்ன தெரியுமா? சுனப்புச்சன், சுனச்சேபன், சுனோலாங்கூலன். மூன்றுக்கும் அர்த்தம் ஏறக்குறைய ஒன்றுதான்: நாய் வால்! மூத்த நாய் வாலைத் தர மாட்டேன் என்றார் தகப்பனார். இளைய நாய் வாலைத் தர மாட்டேன் என்றாள் தாயார். நடு நாய் வாலை 100 பசுவுக்கு விற்றார்கள். யூபத்தில் கட்ட ஆள் கிடைக்காதபோது தகப்பனாரே இன்னொரு 100 பசு வாங்கிக்கொண்டு கட்டினார். வெட்ட ஆள் கிடைக்காதபோது இன்னும் ஒரு 100 பசு வாங்கிக்கொண்டு கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தார். பையன் தேவர்களைத் துதித்துத் தப்பித்தான் என்பது முடிவு. நாயைத் தொட்டால் தீட்டு என்பவர்களின் நூலில், பெற்ற பிள்ளைகளுக்கு நாய் வால் என்று பெயர், விற்கிறவர் ரிஷி. நாய் தன் குட்டியை விற்றதாக நாம் எங்கும் படித்ததில்லை.

1924-ல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நாய் வாலை ஆட்டிக்கொண்டு தாராளமாய்ப் போயிற்று. ஈழவரும் புலையரும் போகக்கூடாது என்று பலகை போட்டுத் தடுத்தார்கள். அந்தத் தெருவில் போவதற்கு வால் ஒன்றுதான் யோக்கியதாம்சம் போலும்!

அந்த யோக்கியதாம்சம் நமக்கும் ஒரு காலத்தில் இருந்ததென்பது வேறு விஷயம். தாயின் வயிற்றில் நாலாவது வாரத்திற்கு மேல் மனிதக் கருவுக்கும் ஒரு வால் தோன்றுகிறது. எட்டாவது வாரத்திற்குள் மறைகிறது. மிச்சமாக, முதுகெலும்பின் அடியில் நாலைந்து சிறு எலும்புகள் ஒட்டிக் கிடக்கின்றன. நமது இனத்திற்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் சுமார் 2½ கோடி வருஷங்களுக்கு முன் வால் போனதற்கு எந்த மரபணுவில் நேர்ந்த மாறுதல் காரணமாயிருக்கலாம் என்பதை 1924-க்குச் சரியாக நூறு வருஷங்கழித்து, 2024-ல் வெளியிட்டார்கள். பிராக்கியூரி என்று பெயர்; கிரேக்க பாஷையில் குட்டை வால் என்று அர்த்தம். சில ஜாதி நாய்கள் பிறக்கும்போதே மொட்டை வாலோடு பிறப்பதற்கும் அதே மரபணுவில் ஏற்படும் வேறொரு மாறுதல்தான் காரணம். முகத்தில் பிறந்தவன், தோளில் பிறந்தவன், தொடையில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று நாலு கணக்குச் சொல்லுகிறார்களே, அந்த நாலு பேருக்கும் உட்காருகிற இடத்தில் அதே எலும்புதான். தடவிப் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, நாய்க்கு வால் எதற்கு? ஓடித் திரும்பும்போது நிலை தவறாமலிருக்க என்று சொல்லுவார்கள். 2022-ல் நாயின் தாவுதலைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள், அந்த உபயோகம் மிகச் சொற்பம் என்கிறார்கள். முக்கியமான உபயோகம் பேச்சு. நமக்கு வாய் எப்படியோ, நாய்க்கு வால் பெரும்பாலும் அப்படி. வாலைத் தூக்கினால் அதன் கீழுள்ள சுரப்பிகளின் வாசனை மற்ற நாய்களுக்கு எட்டும். அடக்கினால் வாசனையும் அடங்கும். பிறந்த குட்டி வாலாட்டுவதில்லை. மூன்று நாலு வாரம் போய், கூடப்பிறந்தவைகளோடு பழக ஆரம்பிக்கும்போதுதான் ஆட்டுகிறது. டார்வின் 1872-ல் எழுதிய புஸ்தகத்திலேயே, சண்டைக்கு நிற்கிற நாயின் விறைத்த வாலையும் எஜமானனிடம் குழைகிற நாயின் வாலையும் ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார். 2007-ல் இத்தாலியில் 30 நாய்களை வைத்துச் சோதித்ததில், எஜமானனைக் கண்டபோது வால் தன் வலப்பக்கம் அதிகமாக ஆடியதாகவும், அறியாத முரட்டு நாயைக் கண்டபோது இடப்பக்கம் அதிகமாக ஆடியதாகவும் கண்டார்கள். மூளையின் இடப்பாதி உடலின் வலப்பக்கத்தை நடத்துகிறது. பிரியம் ஒரு பாதியிலும் பயம் மற்றப் பாதியிலும் மேலோங்குகிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். ராகுகாலமும் சூலமும் இதில் இல்லை.

ஆனால் நம் ஜனங்கள் என்ன சொல்லுகிறார்கள்? வாலாட்டினால் நன்றி, நன்றியுள்ள நாய் கடிக்காது என்கிறார்கள். இதை நம்பிக் குழந்தைகள் போய்த் தொடுகின்றன. தோழர்களே, இடுப்போடு சேர்ந்து அகலமாக, தளர்வாக ஆடுகிற வால் வேறு. மேலே தூக்கி விறைத்து, நுனி மட்டும் சிறு வேகமாகத் துடிக்கிற வால் வேறு. பின்னது எச்சரிக்கை. காலுக்கிடையில் வாலைச் செருகிக்கொண்ட நாய் பயந்த நாய். பயந்த நாயும் கடிக்கும், ஒதுங்க வழியில்லாவிட்டால் நிச்சயமாய்க் கடிக்கும்.

இதைவிட ஆபத்தான நம்பிக்கை இன்னொன்று இருக்கிறது. வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு ஓடினால்தான் வெறிநாய், வால் நிமிர்ந்திருந்தால் நல்ல நாய் என்பார்கள். கடிபட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தால், “வால் எப்படி இருந்தது?” என்று விசாரணை! வால் நன்றாயிருந்தது என்று தெரிந்தால் கடிவாயில் மிளகாயரைத்துப் பூசி, வேப்பிலை அடித்து, மந்திரித்துக் கயிறு கட்டி அனுப்புகிறார்கள். வெறி நோய்க் கிருமி, நாய்க்கு வெளிக்குறி தோன்றுவதற்குச் சில நாட்களுக்கு முன்பே அதன் எச்சிலில் வந்துவிடும். அப்போது அது வாலைத் தூக்கி நிற்கும், சோறு தின்னும், உங்களைக் கண்டு வாலாட்டவும் செய்யும். வேறு சில நாய்களுக்கு வெறியே தெரியாமல், முடங்கிப் படுத்தே சாகும். வாலைப் பார்த்து உயிரைத் தீர்மானிப்பது பல்லியைப் பார்த்து முகூர்த்தம் வைப்பதை விட மோசம். ஏனெனில் இந்த நோய் மனிதனுக்குக் கண்டுவிட்டால் அநேகமாகப் பிழைப்பில்லை.

உலகத்தில் வருஷத்திற்குச் சுமார் 59,000 பேர் இதனால் சாகிறார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தார் கணக்குச் சொல்லுகிறார்கள். அவர்களில் நூற்றுக்கு 40 பேர் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகள். பிரான்சில் பாஸ்டியர் 1885-ல் முதல் பையனுக்கு ஊசி போட்டுக் காப்பாற்றினார். நமது நீலகிரியில், குன்னூரில் அதற்கான ஆராய்ச்சிசாலை 1907-லேயே வந்துவிட்டது. அதற்குப் பின்னும் மந்திரக் கயிற்றுக்கு வியாபாரம் நடக்கிறதென்றால் குற்றம் நாயினுடையதா?

நாய் கடித்தால் என்ன செய்வது என்பதைக் கவனமாய்க் கேளுங்கள். உடனே குழாயடியில் நின்று கடிவாயைச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் கூடாது. கழுவினதும் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே காசில்லாமல் ஊசி போடுகிறார்கள்; தோலில் போடும் முறையில் போன அன்று ஒன்று, பிறகு 3-வது நாள், 7-வது நாள், 28-வது நாள். ஆழமாய்க் கடித்திருந்தால் கடிவாயிலேயே வேறொரு மருந்தும் போடுவார்கள். அதைக் கேட்டு வாங்க வேண்டும். கடித்த நாயை அடித்துக் கொல்லாமல் 10 நாள் பார்த்துக்கொண்டிருங்கள்; ஆனால் அது சாகிறதா பார்த்துவிட்டு ஊசிக்குப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள்.

இதோ ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். சீமை நாய்க்குட்டி ஒன்று வாங்கியிருக்கிறாராம்; வாலை வெட்டினால்தான் பலமும் அழகும் என்று விற்றவர் சொன்னாராம்; வெட்டலாமா என்று கேட்கிறார்.

தோழரே, இதுவும் பழைய சாஸ்திரந்தான், ஆனால் ரோமாபுரிச் சாஸ்திரம். கொலுமெல்லா என்று சுமார் 1,900 வருஷங்களுக்கு முன் விவசாயத்தைப் பற்றி எழுதியவர், குட்டி பிறந்த 40-வது நாள் வால் நுனியைப் பல்லால் கடித்து நரம்போடு இழுத்துவிட்டால் நாய்க்கு வெறி பிடிக்காது என்று எழுதி வைத்தார். பல்லால் கடிப்பது போய்க் கத்தி வந்தது. வெறி போய் அழகு வந்தது. வெட்டு மட்டும் நிற்கவில்லை. வெட்டாவிட்டால் வால் அடிபடும் என்கிறார்களே, அதையும் பிரிட்டனில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 2010-ல் வெளிவந்த கணக்கின்படி வைத்தியத்துக்கு வந்த 1,38,212 நாய்களில் வாலில் காயம்பட்டவை 281. ஒரு நாயின் வாலைக் காப்பாற்றச் சுமார் 500 நாய்களின் வாலை வெட்டியாக வேண்டும்! இங்கிலாந்திலும் வேல்சிலும் 2006-ம் வருஷத்துச் சட்டத்தால், வேலைக்கு வைக்கும் சில வகை நாய்களுக்கும் வைத்தியக் காரணத்துக்கும் தவிர, வால் வெட்டுவதைத் தடுத்துவிட்டார்கள். பேச வாய் வேண்டியதுபோல் அதற்கு வால் வேண்டும். மற்ற நாயோடு அது பேச முடியாமற் செய்தால் சண்டைதான் மிச்சம். வெட்டுகிறவருக்குக் கொடுக்கிற காசைக் கால்நடை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய், குட்டிக்கு மூன்று மாதமானதும் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். மறு ஊசி எப்போது என்று அங்கேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு சீட்டு இருக்கிறது. ஒன்று பூனை குறுக்கே போவதைப் பற்றியது. மற்றது கலப்பு மணப் பதிவைப் பற்றியது. இரண்டாவதைக் கேட்டவர் கூட்டம் கலைந்ததும் இங்கேயே இருக்கட்டும். வேண்டிய பாரம் நம்மிடம் இருக்கிறது.