பாதரசம் நம் தட்டுக்கு வரும் வழி

(கர்ப்பிணித் தாய்மார்களுக்கான மருத்துவ ஆலோசனைக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

மீன் நல்ல உணவு. அதை விட்டுவிடச் சொல்ல நாம் கூடவில்லை. எந்த மீனைச் சாப்பிடுவது என்றுதான் பேசப்போகிறோம்.

பழைய தெர்மாமீட்டரிலும் டியூப் லைட்டிலும் பாதரசம் உண்டு. நிலக்கரிப் புகையிலும் உண்டு. அது காற்றோடும் மழையோடும் குளத்துக்கும் கடலுக்கும் போய்ச் சேருகிறது. அங்கே அதன் குணம் மாறுகிறது. காற்றுப் படாத அடிச்சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அதை மீத்தைல் பாதரசமாக்குகின்றன. நீரின் மேல்மட்டத்தில் வெயிலும் இந்த வேலையைச் செய்யும். மட்கிய இலைதழைகளின் சாரம், வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம் போன்ற கரிமப் பொருட்கள் வெயில் பட்டுச் சிதையும்போது, மீத்தைல் என்ற சிறு துண்டு பிரிந்து பாதரசத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அதே வெயில் மீத்தைல் பாதரசத்தை உடைக்கவும் செய்யும். ஆனால் உடைந்தாலும் பாதரசம் அழிவதில்லை. மறுபடியும் மாறக் காத்திருக்கும்.

இதைப் பாசி உறிஞ்சுகிறது. பாசியைச் சிறு மீனும், சிறு மீனைப் பெரிய மீனும் தின்கின்றன. இப்படிச் சேர்ந்து சேர்ந்து, தண்ணீரில் இருப்பதைப் போல் பத்து லட்சம் மடங்குகூடப் பெரிய மீனின் சதையில் ஏறிவிடுகிறது. கழுவினாலும் கொதிக்க வைத்தாலும் போகாது.

ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக் கழிவில் வந்த மீத்தைல் பாதரசம் மீன் வழியே மக்களைத் தாக்கியது; அந்த நோய் 1956இல் வெளிப்பட்டது. அங்கே நோய் அதிகம் தெரியாத தாய்மார்களுக்கும் மூளை பாதித்த குழந்தைகள் பிறந்தன. நஞ்சுக்கொடியைத் தாண்டி அது சிசுவின் மூளைக்குப் போகிறது.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறாப் புட்டு கொடுப்பது நம் வழக்கம். அன்பினால் கொடுக்கிறோம். ஆனால் சுறா மற்ற மீன்களைத் தின்று வாழ்வது. கர்ப்பிணிகளும் பாலூட்டுவோரும் சுறா, மயில்மீன் போன்றவற்றைத் தவிர்த்து, மத்தி, நெத்திலி சாப்பிடுங்கள். விலையும் குறைவு, சத்துக்கும் குறைவில்லை. உடலில் சேர்ந்தது பாதியாகக் குறையவே சுமார் 50 நாட்கள் ஆகும். எனவே கர்ப்பத்திற்கு முன்பே கவனம் தேவை.

தெர்மாமீட்டர் உடைந்தால் துடைப்பத்தால் கூட்டாதீர்கள். பிள்ளைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து, கெட்டி அட்டையால் திரட்டி, மூடியுள்ள பாட்டிலில் அடையுங்கள். சாக்கடையில் ஊற்றினால் அது வேறொரு வீட்டுத் தட்டுக்குப் போய்ச் சேரும்.

வயிற்றிலுள்ள பிள்ளை நம்மிடம் உள்ள அமானிதம். அதைப் பேணுவோம்.