கீழ்த்தளத்தில் படுத்திருப்பவர்



நான் வியாபாரி, கணக்கோடு தொடங்குகிறேன். லீ குவான் யூ பொதுக் கொள்கைப் பள்ளி 2019இல் வெளியிட்ட ஆய்வு, சிங்கப்பூரில் ஏறத்தாழ 1,000 பேர் வெளியிடங்களில் உறங்குவதாகக் கூறியது. 2022இல் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு எடுத்த இரவுக் கணக்கில் 530 பேர். இவர்களில் பலர் வேலைக்குப் போகிறவர்கள். குடும்பப் பிணக்கு, வருமானக் குறைவு, வாடகை வீட்டில் உடனிருப்பவரோடு ஒத்துப்போகாமை எனக் காரணங்கள் பல.

இங்கே வரிசையாகக் கூடாரங்கள் இல்லை. அதனால் பிரச்சினையே இல்லை என்று நினைத்துவிடுகிறோம். செங்காங்கில் நம் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒருவர் படுத்திருந்தால், போலிசை அழைக்கத்தான் தோன்றுகிறது. பிள்ளைகள் நடமாடும் இடமாயிற்றே என்ற பயம் நியாயமே. ஆனால், துரத்தினால் அவர் அடுத்த புளோக்குக்குத்தான் போவார். "சாப்பிட்டீர்களா, அண்ணே?" என்று கேளுங்கள். அவர் சம்மதித்தால் காம்கேர் எண் 1800-222-0000ஐ அழையுங்கள்.

2019இல் தொடங்கிய 'பியர்ஸ்' கட்டமைப்பின் வழியே சமய, தொண்டு அமைப்புகள் இரவில் உறங்க இடம் தருகின்றன. கப்பலில் வந்த நம் முன்னோருக்கும் ஊர்க்காரர்கள் கடைமாடியில் பாய் விரிக்க இடம் கொடுத்தார்கள். 50 ஆண்டு கண்ட நம் சங்கம் அதை மறக்கலாகாது. மாதம் ஓர் இரவு நம் இளையர்கள் தொண்டூழியம் செய்யட்டும்; முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.