கை நீட்டினால் வாய் திறக்குமா?



அழைப்பிதழில் என் பெயருக்கு எதிரே வாழ்த்துரை என்று போட்டிருக்கிறீர்கள். ஆனால் நான்காவது தீர்மானத்தைப் படித்த பிறகு, வாழ்த்திவிட்டுப் போய்விட மனம் வரவில்லை. நம் வர்த்தக சங்கத்துக்கு நகராட்சி ஆண்டுதோறும் மானியம் தர வேண்டும் என்கிறது அது. நான் அதை எதிர்க்கிறேன். சாப்பாடு போட்ட பிறகு எதிர்த்துப் பேசுவது முறையில்லை. அதனால்தான் பந்திக்கு முன்பே பேசிவிடுகிறேன்.

சொத்து வரி, தொழில் வரி, உரிமக் கட்டணம் எல்லாம் கட்டுகிறோமே, அதில் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் என்ன என்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நகராட்சியிடம் மட்டும் என்ன கொட்டியா கிடக்கிறது? தொழில் வரி ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று 1988-ல் அரசியல் சாசனத்தில் வைத்த உச்சவரம்பு அப்படியே நிற்கிறது.

வெளிநாட்டில் கொடுக்கிறார்களே என்றார் ஒரு நண்பர். கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில், ஓட்டலில் தங்குகிறவரிடம் அறை வாடகையோடு நகரமும் ஒரு வரி வாங்குகிறது. பொதுவாக 7 சதவீதம் வரை. அதில் ஒரு பங்கைப் பல ஊர்களில் வர்த்தக சபையிடம் ஒப்படைக்கிறார்கள். எப்படி? எழுத்தில் ஒப்பந்தம் போட்டு. செலவுத் திட்டத்துக்கு நகர்மன்றம் ஒப்புதல் தர வேண்டும். பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை செலவைக் காட்ட வேண்டும். சுற்றுலாவை வளர்க்கும் வேலைக்குத்தான் அந்தக் காசு. சபையின் ஆண்டு விழாவுக்கு அல்ல. ஜெர்மனியில் வேறு வழி. அங்கே 1956-ம் ஆண்டுச் சட்டப்படி தொழில் நடத்துகிறவர்கள் சபையில் உறுப்பினராகியே தீர வேண்டும், சந்தாவும் கட்ட வேண்டும்.

அவ்வளவு தூரம் போவானேன்? விருதுநகரிலும் சிவகாசியிலும் வியாபாரிகள் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை பிடித்தார்கள். அந்தப் பணத்தில் கோயில் எழுந்தது, கிணறு வெட்டினார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள். காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலை வீட்டுக்கு வீடு வாங்கிய பிடியரிசியில் நடந்தது. இன்றைக்கும் அரசின் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கையாவது ஊர்க்காரர்கள் கட்டினால்தான் வேலை தொடங்கும். கொடுத்துப் பழகிய கை நம்முடையது.

பணத்தைவிட எனக்குப் பெரிய கவலை, நம் வாய். சந்தைக் கடை வாடகையை நகராட்சி ஏற்றினால் ஆணையரைப் பார்க்க முதலில் ஓடுகிறவர் யார்? நம் செயலாளர். பஜார் சாக்கடை அடைத்துக்கொண்டு, முதல் மழையிலேயே துவரம்பருப்பு மூட்டையின் அடி நனைந்தால் சண்டைக்குப் போகிறவரும் அவர்தான். அதே மேசையில் நம் மானியக் கோப்பும் கையெழுத்துக்குக் காத்திருந்தால், அவருக்குக் குரல் எழும்புமா?

இன்னொன்றும் இருக்கிறது. சந்தை வாசலில் சாக்கு விரித்துக் கீரை விற்கிற அம்மா, தினமும் குத்தகைதாரரிடம் சுங்கம் கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொள்கிறார். அவர் நம் உறுப்பினர் இல்லை. நாம் அவரை ஒருநாளும் சேர்த்துக்கொண்டதில்லை. அவர் காசும் சேர்ந்ததுதான் நகராட்சிக் கஜானா. அதிலிருந்து நம் சங்கக் கட்டடத்துக்கு ஏசி மாட்டுவதை என்னால் ஆதரிக்க முடியாது.

நகராட்சியிடம் ஒரு பைசாகூட வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வேலைக்குக் கூலி வாங்குவோம். உரிமத்தைக் கணினியில் புதுப்பிக்கத் தெரியாமல் சிறு கடைக்காரர்கள் அல்லாடுகிறார்கள். அவர்களுக்கு ஓர் உதவி மையத்தை நடத்தித் தருகிறோம், செலவு இவ்வளவு என்று கேட்போம். உறுப்பினரோ இல்லையோ, யார் வந்தாலும் செய்துகொடுப்போம். கணக்கை வாசலில் ஒட்டுவோம்.

தலைவர் அவர்களே, நான்காவது தீர்மானத்திலிருந்து ஆண்டு மானியத்தை எடுத்துவிட்டு, இந்த ஒப்பந்தக் கோரிக்கையைச் சேர்த்து முன்மொழியும்படி கேட்டுக்கொள்கிறேன். அதற்குக் கை தூக்குகிறவர்கள் சந்தாவை உயர்த்துவதற்கும் சேர்த்தே தூக்குங்கள்.