இடுப்பு மூட்டில் வலி: தைலத்துக்கு முன் எக்ஸ்ரே
(சபைக் கூட்டத்தில் பேசியது)

நான் டாக்டர் அல்ல, பி.எஸ்ஸி. பௌதிகம் படித்து, சர்க்கார் உத்யோகம் பார்த்து ரிடையர் ஆனவன்.

நம் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் மூட்டு வலி என்றாலே வாதம் என்று தைலம் தேய்த்து உழிச்சலுக்குப் போவோம். வர்ம வைத்தியம் தழைத்த சீமை. அதைக் குறை கூற வரவில்லை. ஆனால் மார்பகம், ப்ராஸ்டேட், தைராய்டு, சிறுநீரகம், நுரையீரல் இவற்றில் எப்போதோ புற்றுநோய் வந்தவருக்கு, பத்து வருஷம் கழித்தானாலும், தொடை இடுக்கிலோ இடுப்பு மூட்டிலோ புதிதாக வலி வந்தால் முதலில் எக்ஸ்ரே. நோய் பரவி எலும்பை அரித்திருக்கலாம். அதை அழுத்தித் தேய்த்தால் ஒடிந்தே போகலாம்.

கொஞ்சம் பௌதிகம். நடக்கையில் இடுப்பு மூட்டு தாங்கும் பாரம் உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு. 60 கிலோ மாமிக்கு, அடிக்கு அடி 150 கிலோ! அரித்த எலும்பு இதை எப்படித் தாங்கும்? ஒடிந்தபின் கட்டுப் போட்டாலும் சுலபத்தில் கூடாது. அதனால் தொடை எலும்பை ஒடியும் முன்பே கம்பி வைத்துப் பலப்படுத்துகிறார்கள். அல்லது மூட்டையே மாற்றுகிறார்கள். மூட்டின் கிண்ணக்குழியே அரித்துப்போனால்? 1981-ல் அமெரிக்க டாக்டர் கெவின் ஹாரிங்டன் ஒரு வழி எழுதினார். மேலே உள்ள நல்ல எலும்பிலிருந்து உலோகக் கம்பிகளை இறக்கி, சுற்றிலும் எலும்பு சிமெண்ட் நிரப்பி, அதில் செயற்கைக் கிண்ணத்தைப் பதிப்பது. நம் வீட்டு கான்கிரீட் கூரையின் தத்துவம்தான்! சிமெண்ட் சில நிமிஷங்களில் இறுகிவிடுவதால், பல நோயாளிகளைச் சில நாட்களிலேயே நடக்க வைக்க முடிகிறது. பிறகு கதிரியக்க சிகிச்சை.

இந்த ஆபரேஷன் புற்றுநோயைக் குணமாக்காது. "தீராத நோய்க்கு எதற்கு இன்னொரு கத்தி?" என்று வீட்டார் கேட்பதைக் கேட்டிருக்கிறேன். எழுபது வருஷம் மடியும் ஆசாரமுமாக இருந்த ஒரு மாமிக்கு, மற்றவர் கையை எதிர்பார்க்காமல் குளியலறைக்குப் போய்வருவது எத்தனை பெரிய விஷயம் என்பதை அந்த மாமியிடம் அல்லவா கேட்க வேண்டும்? உடல் மிகத் தளர்ந்தவர்களுக்கு இது ஏற்றதல்ல. அவர்களுக்குக் கதிரியக்கமும் மார்ஃபினும் வலியைக் குறைக்கும்.

பாறசாலையிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் சுமாரில், திருவனந்தபுரம் மெடிகல் காலேஜ் வளாகத்திலேயே, 1981-ல் தொடங்கிய ஆர்.சி.சி. இருக்கிறது. போகும்போது பழைய ரிப்போர்ட்டுகள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள். வலிக்கும் காலை ஊன்றவிடாமல், பஸ்ஸில் ஏற்றாமல், காரில் படுக்கவைத்து அழைத்துப் போங்கள்.